பொய்ச்சாட்சி அடைக்கலம்

ஸ்ரீரங்கம்
12 ஜனவரி 2025

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும், காலஞ்சென்ற வையம்பட்டி பெரியண்ணன் மகன், வயது அறுபத்தொன்பது, முன்னாள் வக்கீல் குமாஸ்தா, உன் தாய்மாமன் அடைக்கலம் ஆகிய நான், சுயபுத்தியுடனும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் சத்தியம் செய்து கூறுவது என்னவென்றால், இதில் நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். காக்கை குருவிகூட நம்பாது. மீறி நம்பினால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.

கதை இதுதான். பத்து நாளைக்கு முன்னால் நீ திருச்சி ஏர்போர்ட்டில் காலை வைத்தாய். வைத்த மாத்திரத்தில் மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் எழுந்து நின்று, நெற்றியில் கையை வைத்து, “யாரு அது, நம்ம ரெங்கம்மா மவளா?” என்று பார்த்தார். அவர் எழுந்த வேகத்தில் மலை ஒரு முழம் தெற்கே சாய்ந்துவிட்டது. பக்கத்துச் சிந்தாமணித் தெரு ஆட்கள் தேர்வடம் கட்டி இழுத்து நிமிர்த்தினார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டமும் ஒரு கை பிடித்தது. சொர்க்கவாசல் திறக்கக் கால் மணி நேரம் தாமதம் என்றால் பார்த்துக்கொள்.

இவ்வளவு நடந்தும் எனக்குத் தகவல் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறானே மன்சூர், அவன் சொல்லித்தான் தெரியும்.

“அண்ணே, உங்க டாக்டரம்மா வந்தாங்க. பழைய கேஸ் கட்டு அத்தனையும் ஜெராக்ஸ் எடுத்தாங்க. மெஷினு சூடாகி நின்னே போச்சு.”

“இப்ப எங்கடா?”

“பச்சமலைக்குப் போயிட்டாங்க. மிச்சத்தைத் தபால்ல அனுப்பச் சொல்லி அட்ரஸ் குடுத்துருக்காங்க.”

“என்னைப் பத்தி எதுனா கேட்டுச்சா?”

மன்சூருக்குப் பொய் சொல்ல வராது. கோர்ட் வாசலில் கடை போட்டும் வரவில்லை என்றால் அது பிறவிக் குறை. அவன் சூடான மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். “டீ சொல்லட்டுமாண்ணே?” என்றான்.

துறையூர் பஸ் காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலை வழியாகத்தான் போகும். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஜெர்மனியிலிருந்து ஏழு கடல் தாண்டி வந்தவளுக்கு ஒரு ரோட்டைத் தாண்ட முடியவில்லை. சரி, போகட்டும்.

“சட்ட வரலாறு, மானிடவியல் என்றால் உன் அக்கா மகள் என்னதான் வேலை பார்க்கிறாள்?” என்று இங்கே பலர் என்னைக் கேட்கிறார்கள். செத்துப்போன கேஸ்களை எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, உனக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று விசாரிக்கும் வேலை என்கிறேன். அதுவும் போதாமல் மலை ஏறி, உயிரோடு சண்டை போடுகிறவர்கள் நடுவிலும் போய் உட்காருவாள் என்கிறேன். ஏழு வயதிலேயே கோர்ட் வராந்தாவில் ஒரு ஜட்ஜைக் கூண்டில் ஏற்றினாள், அவர் அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டார், திருச்சி சட்டக் கல்லூரியில் இவள் சேர்ந்த அன்று புத்தகங்கள் தாமாகவே அலமாரியிலிருந்து இறங்கி வரிசையில் நின்றன, ஹாம்பர்க்கில் இவள் புத்தகத்தை மேஜையில் வைத்தபோது அந்தக் கட்டடம் அரை அடி இறங்கியது என்றெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் மறுத்துப் பேசாதே.

ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. வாழைத்தண்டுக் கூட்டு வைக்கிறேன். அவ்வளவுதான் கோரிக்கை.

இப்படிக்கு,
அடைக்கலம்

*

பச்சைமலை
27 ஜனவரி 2025

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் விஜயராணி அக்கா கீழே தபாலாபீஸில் வாங்கி, அரிசி மூட்டையோடு சேர்த்துத் தலையில் தூக்கி வந்தார். “இம்புட்டுக் கனமா என்னம்மா எழுதிருக்காரு உங்க மாமா?” என்றார்.

பிள்ளையார் எழுந்து நின்றதை நம்பவில்லை. மன்சூர் அண்ணன் டீ சொன்னதை நம்புகிறேன். சிறுவயதிலிருந்து இதுதான் என் வேலை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கதையிலும் எந்த வரி நிஜம் என்று நான் தேடுவேன். சொல்கிறவர் ஜோடிக்கத் தேவையில்லாத வரி எங்கேயாவது ஒன்று இருக்கும். அதுதான் நிஜம். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் வக்கீலாகாமல் பழைய சாட்சியங்களைப் படிக்கப் போனேன், பட்டம் வாங்கினேன், இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறேன். உங்களுக்கு நன்றி.

நான் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல எழுதியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு தீபாவளிக்கு, “அக்காவுக்கு மூச்சு இழுக்குது, உடனே வா” என்றீர்கள். டிக்கெட் கிடைக்காமல் மூன்று விமானம் மாறி வந்தேன். அம்மா அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். “என்னடி திடீர்னு?” என்றாள். நீங்கள் மொட்டை மாடியில் ஒளிந்துகொண்டீர்கள். அன்றைக்குச் சிரித்தேன். அடுத்த பொங்கலுக்கு, “கண்ணே தொறக்கலை” என்றீர்கள். திரும்பக் கூப்பிட்டேன். அம்மாவே போனை எடுத்து, “மாமா கடைக்குப் போயிருக்கான், எதுனா சொல்லணுமா?” என்றாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

2022 அக்டோபரில் கூப்பிட்டீர்கள். “சுபா, அக்காவுக்குப் பேச்சு நின்னுபோச்சு. வாம்மா.” எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. “மாமா, இந்தத் தடவை கொஞ்சம் புதுசா எதையாவது சொல்லுங்க” என்றேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

உலகத்தில் யார் யாருடைய சாட்சியத்தையோ எடைபோட்டுச் சொல்கிறவள் நான். அன்று உங்கள் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டேன். அம்மாவை எரித்த பிறகு வந்து சேர்ந்தேன். அதற்கு உங்களை மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான். ஆனால் என்னோடு நான் இருந்துதான் ஆக வேண்டும். உங்களோடு இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

மார்ச் கடைசியில் ஜெர்மனிக்குத் திரும்புகிறேன். இனி எழுத வேண்டாம்.

சுபலட்சுமி

*

ஸ்ரீரங்கம்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள சுபாவுக்கு,

எழுத வேண்டாம் என்ற உத்தரவு கிடைத்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறேன். மேல்முறையீட்டையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

நீ எழுதிய குற்றச்சாட்டுகள் முழுவதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. எதிர்வாதம் கிடையாது. ஒரே ஒரு விளக்கம். உன் அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. “பிள்ளைக்கு வேலை இருக்கும்டா” என்பாள். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆகும் அளவு உரிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. போனை எடுத்துவிடுவேன். எடுத்தால் என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா?

விளக்கம் முடிந்தது. இனி ஊர்ச் செய்தி.

இந்த வருஷம் நான் தைத்தேர் பார்க்கப் போகவில்லை. தேரே என்னைப் பார்க்க வந்தது. சத்தியமாக. உத்தர வீதியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தேர், “அடைக்கலத்தை எங்கே காணோம்?” என்று சட்டென்று திரும்பி, அம்மா மண்டபம் ரோட்டில் புகுந்து, எங்கள் மாடிப்படி ஏறி, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தது. உட்காரச் சொன்னேன். நேரமாகிறது என்று போய்விட்டது.

காவிரியும் இப்போதெல்லாம் அப்படித்தான். முன்னே நான் விடிய எழுந்து படித்துறைக்குப் போவேன். இப்போது நதி பண்பாகிவிட்டது. வாளியில் ஏறி, மன்சூர் கையைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு வந்து என் காலில் விழுகிறது. காந்தி மார்க்கெட் காய்கறிகள்கூட நடந்து வருகின்றன. புடலங்காய்தான் பாவம், படியில் மூச்சு வாங்குகிறது. மன்சூருக்குக் கடையில் வியாபாரமே இல்லை போலிருக்கிறது. காலையும் சாயங்காலமும் இங்கேதான் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி ரசம் கொடுத்துவிடுகிறாள். உப்பே போடுவதில்லை. அந்த வீட்டில் உப்புக்கு என்ன பஞ்சமோ.

வாழைத்தண்டுக் கூட்டு கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு அங்கே வேலை இருக்கும். இருக்கட்டும். மலையில் குளிர் அதிகம். உன் அம்மாவின் பச்சைச் சால்வை என்னிடம்தான் இருக்கிறது. மன்சூரிடம் கொடுத்து அனுப்பவா என்று யோசித்தேன். கொடுக்க மனசு வரவில்லை. இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அடைக்கலம்

*

பச்சைமலை
2 மார்ச் 2025

மாமா,

உங்கள் மேல்முறையீட்டுக்குப் பதில் எழுதப் போவதில்லை என்று இரண்டு வாரம் இருந்தேன்.

நேற்று இங்கே ஊர்க்கூட்டம். அதற்காகத்தான் நான் இந்த மலைக்கு வந்ததே. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து கீழே கோர்ட்டுக்குப் போன சண்டைகளைப் பழைய காகிதத்தில் படித்துவிட்டேன். கீழே இறங்காமல் இங்கேயே முடிகிற சண்டைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். நேற்றைய வழக்கு ஒரு பலாமரம். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் எனக்கு, உனக்கு என்கிறார்கள்.

“எங்க தாத்தன் வச்ச மரம்யா இது. அவரு வைக்கும்போது இந்த மலையே முழங்கா ஒசரந்தான் இருந்துச்சு!”

“ஆமா, உங்க தாத்தன்! அவரு ஏறுனா பழம் திரும்பப் பிஞ்சாயிடும். அம்புட்டு ராசி!”

“பேச்சப் பாரு. உங்கப்பன் இந்த மரத்த வெட்டப் போயி, கோடாலிய இது விழுங்கிருச்சு. இன்னும் வயித்துல கெடக்கு. தட்டிப் பாருங்க, சத்தம் வரும்.”

கூட்டம் சிரித்துக் குலுங்கியது. நானும் சிரித்தேன். உங்களை இங்கே உட்காரவைத்திருந்தால் இரண்டு பேரையும் தோற்கடித்து மரத்தை நீங்கள் வாங்கியிருப்பீர்கள்.

அவர்களாக ஓயும்வரை யாரும் தடுக்கவில்லை. ஓய்ந்த பிறகு விஜயராணி அக்கா எழுந்தார். “எல்லாத்தையும் சொன்னீங்க. மரம் சின்னக் கன்னா இருக்கும்போது ஓடையிலேருந்து தண்ணி தூக்கி ஊத்துனது யாருன்னு ரெண்டு பேரும் சொல்லலையே? ஏன் சொல்லலை?” என்றார். தண்ணீர் தூக்கியது ஒரு விதவை அத்தை. பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மரம் அவருக்குப் போயிற்று.

நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்தேன். இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதற்குள் நிஜத்தைத் தேடியிருக்கிறேன். சொல்லாததைத் தேடியதே இல்லை.

மாமா, உங்களுக்கு வாரத்துக்கு ஒரு வியாதி வரும். தலைவலி வந்தால் மூளை கழன்றுவிட்டது என்பீர்கள். சளி பிடித்தால் கொள்ளிடமே மூக்கில் ஓடுகிறது என்பீர்கள். இந்தக் கடிதங்களில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேர் உங்களிடம் வருகிறது. காவிரி வருகிறது. மார்க்கெட் வருகிறது. ஜனவரியில் மன்சூர் அண்ணன் கடைவரை போன நீங்கள் இப்போது எங்கேயும் போகவில்லை. படியில் மூச்சு வாங்கியது புடலங்காய்க்கு அல்ல. ரசத்தில் உப்புப் போட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உங்களுக்கு என்ன?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் பஸ் மாம்பழச்சாலையில் நின்றபோது கண்டக்டர், “அம்மா மண்டபம்லாம் எறங்கு, எறங்கு” என்று கத்தினார். என்னைக் கேட்காமல் என் கால் எழுந்துவிட்டது. பிடித்து உட்காரவைத்தேன். கொள்ளிடப் பாலம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பார்த்தேன். ராஜகோபுரம் மட்டும்தான் தெரிந்தது.

சுபா

*

ஸ்ரீரங்கம்
8 மார்ச் 2025

சுபா,

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன். உன் வேலையைப் பார்.

அடைக்கலம்

*

பச்சைமலை
13 மார்ச் 2025

மாமா,

உங்கள் ஆயுளிலேயே நீங்கள் எழுதிய மிகப் பயங்கரமான கடிதம் இன்று மதியம் வந்தது. அதில் தேர் இல்லை, சாமி இல்லை, சாய்ந்த மலை இல்லை.

இங்கே ஒரு பாறைமேல் ஏறினால் போனில் சிக்னல் வரும். ஏறி மன்சூர் அண்ணனைக் கூப்பிட்டேன். “மாமாவுக்கு என்னண்ணே?” என்றேன். “டீ சாப்புட்டீங்களாம்மா?” என்றார். “அண்ணே!” என்றேன். அவருக்குத்தான் பொய் வராதே. அழுதுவிட்டார். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் தீபாவளிக்கே சொல்லியாகிவிட்டது, நீங்கள்தான் தள்ளிக்கொண்டே போகிறீர்கள் என்றார். “கூட யாரு இருக்கான்னு கேக்கறாங்கம்மா. அண்ணன் பதில் சொல்ல மாட்டேங்கறாரு. உங்ககிட்ட சொல்லுங்கண்ணேன்னா, ‘அந்த வாயால இனி அவளைக் கூப்பிட மாட்டேன்டா. கூப்பிட்டா நம்பமாட்டா. நம்பாம வராம இருந்தா, அப்புறம் காலம் பூரா அவளால தாங்க முடியாது’ன்னு சொல்றாரு” என்றார்.

இதற்காக உங்களைத் திட்ட வேண்டும். தபாலில் திட்டினால் போதாது. அதனால் இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். நாளைக் காலை முதல் பஸ். விஜயராணி அக்கா மரவள்ளிக் கிழங்கு ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறார். படி ஏறும்போதே திட்ட ஆரம்பிப்பேன். கதவைத் திறந்து வையுங்கள்.

சுபா

*

ஸ்ரீரங்கம்
4 மே 2025

அன்புள்ள சுபாவுக்கு,

ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தாய் என்று மன்சூர் போனில் படம் காட்டினான். போனில் பேசியும் ஆயிற்று. இருந்தாலும் என் ஆபரேஷன் பற்றிய அதிகாரபூர்வமான வரலாறு எழுத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு உன்னைப் போல ஒருத்தி வந்து தேடுவாள்.

நடந்தது இதுதான். டாக்டர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து என் நெஞ்சைத் திறந்தார்கள். உள்ளே இருதயத்தைக் காணவில்லை. நாற்பது வருஷத்து வாய்தா மனுக்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடப் போட, வராண்டா நிரம்பி, லிஃப்ட் நிரம்பி, மன்னார்புரம் வரை போக்குவரத்து நின்றுவிட்டது. கடைசியில் அடியில் கிடந்தது இருதயம், ஒரு நெல்லிக்காய் அளவு. “இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பேசினார்?” என்று பெரிய டாக்டர் மூக்கின்மேல் விரலை வைத்தார். புது ரத்தக்குழாய்க்குக் காவிரியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கோடையில் ஆற்றில் ஒரே மணல். ஊர் ஜனங்கள் அணையைத் திட்டுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸுகள், வாட்ச்மேன், கேன்டீன்காரர் எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்தாய். உன் விமானம் உனக்காக அரபிக்கடல்மேல் ஒரு மாதம் அந்தரத்தில் நின்றது. பயணிகள் உள்ளேயே கல்யாணம் செய்து குழந்தை பெற்றார்கள்.

நீ போன பிறகு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். படி இறங்கி மாம்பழச்சாலை வரைக்கும் போகிறேன். நேற்றும் போனேன். துறையூர் பஸ் வந்து நின்றது. நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸின் கடைசி வரைக்கும் நடந்தேன். கண்டக்டர், “எங்க போகணும் பெரியவரே?” என்றார். “எங்கயும் இல்ல தம்பி” என்றேன். “அப்ப எதுக்குக் கையக் காட்டுனீங்க?” என்றார். கையைக் காட்டினேனா என்று எனக்கு நினைவில்லை.

டிசம்பரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அதுவரைக்கும் எனக்கு ஒரு வியாதியும் வராது. வந்தால் பழையபடி விஸ்தாரமாக எழுதுவேன். விஸ்தாரமாக எழுதினால் கவலைப்படாதே. சுருக்கமாக எழுதினால் டிக்கெட் போடு.

மேலே கண்டதில் பெரும்பகுதி பொய் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டாக்டர்கள் மூன்று பேர்தான். இருதயம் சாதாரண அளவுதான் என்றார்கள், அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரே ஒரு சின்ன விஷயம் உனக்குத் தெரியாது. என்னைப் படுக்கையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நீ கதவு வரைக்கும் கூடவே வந்தாய். அதற்குமேல் விடவில்லை. கதவு மூடியதும் அந்த நர்ஸ் பெண் பெலிண்டா, “வெளிய அழுதுட்டு நிக்கிறாங்களே, யாரு தாத்தா அவங்க? உங்க பொண்ணா?” என்று கேட்டது.

அக்கா மகள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் அஃபிடவிட் எழுதியவன், உறவுமுறையைத் தப்பாகச் சொல்லக் கூடாது.

“ஆமாம்மா, எம் பொண்ணுதான்” என்றேன்.

மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால்தான் சொன்னேன், நல்ல நினைவோடு. அது மட்டும் நிஜம்.

அடைக்கலம்